மனசுக்கு ஒரு கல்: மெலன்கோலியா முதல் முத்து மோதிரம் வரை

என் சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். எங்கள் செம்மண் காட்டில் ஒரு மழை பெய்து நின்றால் போதும், வெங்கச்சங்கல் வெள்ளை வெள்ளையாக வெளியே தெரியும். இரண்டு கல்லை எடுத்துப் போர்வைக்குள் வைத்து உரசினால் உள்ளே ஒரு வெளிச்சம் ஓடும். சின்ன வயதில் அதுதான் எங்களுக்கு டார்ச் லைட். அந்தக் கல்லின் பெயர் குவார்ட்ஸ் என்பதும், பக்கத்தில் படியூரில் பெரில் கல் எடுத்தார்கள் என்பதும், நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி செய்திருக்கிறார்கள் என்பதும் எல்லாம் இன்ஜினியரிங் முடித்து வேலைக்குப் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை.

கல் பற்றி இங்கே முன்பும் எழுதியிருக்கிறேன். அதெல்லாம் வணிகம், தொல்லியல். இது கொஞ்சம் வேறு மாதிரி. துக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனிதர்கள் ஏன் கல்லைத் தேடிப் போனார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். இதைத் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் நடந்தது

அப்பா 2016 ஜனவரியில் தவறினார். காரியத்தன்று அம்மா காதிலிருந்த சிவப்புக்கல் தோட்டைக் கழற்றி வாங்கினார்கள். அத்தை அதை ஒரு துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார். நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். நம் பக்கம் வழக்கம் அது. அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான்.

மூன்று மாதத்தில் அம்மா பேச்சைக் குறைத்துவிட்டார். நான் சென்னையில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், "ஒண்ணுமில்ல கண்ணு, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமா ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினார். விருச்சிகத்தில் சந்திரன் நீசம், மனோகாரகன் பலமில்லை, வெள்ளியில் முத்து வைத்து திங்கட்கிழமை போடச் சொன்னார். போட்டோம். நானும் சும்மா இருக்கவில்லை. ஆன்லைனில் ரோஸ் குவார்ட்ஸ் கைச்சங்கிலி ஒன்று வாங்கி அனுப்பினேன். துக்கத்துக்கு நல்லது என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. கல்லில் நம்பிக்கை இருந்து வாங்கினேனா என்று கேட்டால், இல்லை. ஏதோ செய்தோம் என்று இருக்க வேண்டுமே, அதற்காக.

மோதிரம் போட்டு பதினாலு மாதம் கழித்துத்தான், எடை பதினோரு கிலோ குறைந்த பிறகு, மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவர் அம்மாவை முக்கால் மணி நேரம் பேச விட்டார். டிப்ரஷன் என்றார். மாத்திரை எழுதினார், மாதம் ஒருமுறை வரச் சொன்னார். இரண்டு மாதத்தில் தூக்கம் வந்தது, பிறகு பசி வந்தது.

அந்தப் பதினாலு மாதத்தை நான் இன்னும் மனசுக்குள் டிபக் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பு எங்கே? கல்லிலா? கல் ஒரு கெடுதலும் செய்யவில்லை. அப்படியானால் எதில்? இந்தக் கேள்வியோடுதான் பழைய மருத்துவ வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். அங்கே கிடைத்தது நான் எதிர்பார்த்தது இல்லை.

கரும்பித்தமும் நீலக்கல்லும்

நாம் வாதம், பித்தம், கபம் என்று மூன்று சொல்கிறோம். கிரேக்க மருத்துவத்தில் நான்கு: ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். காரணமில்லாத பயம், நீண்ட சோகம், தூக்கமின்மை இவற்றுக்கெல்லாம் உடம்பில் கரும்பித்தம் கூடிப்போனதுதான் காரணம் என்று கொண்டார்கள். மெலன்கோலியா என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் கரும்பித்தம் என்றுதான் பொருள். இந்தக் கொள்கை தப்பு. ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஓயாத சோகம் என்பது ஒரு நோய், அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். இன்றைய துருக்கியில் உள்ள டிராலஸ் ஊர்க்காரர். கான்ஸ்டான்டினோபிளில் ஹாகியா சோபியாவைக் கட்டிய இருவரில் ஒருவரான அந்தேமியஸ் இவருடைய அண்ணன். மெலன்கோலியாவுக்கு அதுவரை ஹெல்லபோர் என்ற விஷச்செடியின் வேரைக் கொடுத்துப் பேதியும் வாந்தியும் ஆக்குவார்கள். அது சில சமயம் ஆளையே முடித்துவிடும். அதற்குப் பதிலாக 'ஆர்மீனியக் கல்' நல்லது என்றார் அலெக்சாண்டர். நீல நிறக் கல். பெரும்பாலும் அசுரைட், அதாவது செம்பு கார்பனேட்டாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பின்னாளில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கத்திலிருந்து வந்த லாபிஸ் லஜுலியும் இதே வேலைக்குச் சேர்ந்துகொண்டது.

செம்புச் சேர்மம் வயிற்றுக்குள் போனால் குமட்டும், வாந்தி வரும். வெளியே வந்ததைப் பார்த்துக் கரும்பித்தம் இறங்கிவிட்டது என்று வைத்தியரும் நோயாளியும் நம்பியிருப்பார்கள். ஆக, கல் 'வேலை' செய்தது. சொன்ன காரணம்தான் வேறு. எங்கள் துறையில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஒரு சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும், ஏன் சரியானது என்று தப்பான ஒரு காரணத்தை டாக்குமெண்டில் எழுதி வைத்துவிடுவோம். அது பத்து வருஷம் ஓடும். இது ஆயிரம் வருஷம் ஓடியது.

நாடி பிடித்தவர்

அடுத்து இப்னு சீனா (980–1037). ஐரோப்பாவில் அவிசென்னா என்பார்கள். மருத்துவப் பேரகராதி மாதிரியான அவருடைய 'கானூன்' எல்லாருக்கும் தெரியும். இதயத்துக்கான மருந்துகள் பற்றித் தனியாக ஒரு சின்ன நூலும் எழுதியிருக்கிறார். நம் விஷயத்துக்கு அதுதான் முக்கியம்.

அவர் கணக்குப்படி இதயத்தில் ஒரு உயிர்ச்சக்தி இருக்கிறது. அது நிறைவாகவும் தெளிவாகவும் ஒளியோடும் இருந்தால் மனிதன் எளிதில் மகிழ்வான். அது குறைந்து, தடித்து, இருண்டுபோனால் சின்ன விஷயத்துக்கும் துக்கப்படுவான். அந்தச் சக்தியை வலுப்படுத்தித் தெளிய வைக்கும் மருந்துக்கு அரபியில் 'முஃபர்ரிஹ்' என்று பெயர், மகிழ்விப்பது என்று பொருள். குங்குமப்பூ, பட்டுப்பூச்சிக் கூடு, அம்பர் இவற்றோடு மாணிக்கம், முத்து, பவளம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒளியுள்ள பொருள் இருண்ட மனசுக்கு ஒளி தரும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. முத்து என்பது பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே பொருள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. யுனானி மருந்துக்கடைகளில் 'கமீரா மர்வாரீத்' என்ற முத்து லேகியம் இன்றும் கிடைக்கிறது. நம் சித்த மருத்துவத்திலும் முத்துப் பற்பம் இருக்கிறது.

இதே இப்னு சீனா கானூனில் இன்னொரு முறை சொல்கிறார். காதல் ஏக்கத்தால் இளைத்துப்போன நோயாளி யாரை நினைத்து உருகுகிறான் என்று வாய்திறந்து சொல்ல மாட்டான். அப்போது வைத்தியர் அவன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். எந்தப் பெயருக்கு நாடி தடுமாறுகிறதோ அதுதான் ஆள். பிறகு தெரு, ஊர், வீடு என்று இதே மாதிரி குறுக்கிக்கொண்டே வரலாம்.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாணிக்கத்தை எழுதிக்கொடுத்த மனிதர் அதற்கு முன்னால் நோயாளியின் கையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார், கேட்டிருக்கிறார். நாங்கள் நேராகக் கல்லுக்குப் போய்விட்டோம்.

சனி பிடித்த ஐரோப்பா

ஜோசியத்தையும் கல்லையும் சோகத்தையும் ஒன்றாகக் கட்டியது நாம் மட்டும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் மார்சிலியோ ஃபிச்சினோ என்ற அறிஞர் 1489ல் 'வாழ்வு பற்றி' என்ற மூன்று பகுதி நூலை வெளியிட்டார். படிப்பும் எழுத்துமாகக் கிடக்கும் அறிவாளிகளுக்கு வரும் மெலன்கோலியா பற்றியது. ஃபிச்சினோவே அந்த நோய்க்காரர். தன் ஜாதகத்தில் சனி பலமாக உட்கார்ந்திருப்பதுதான் காரணம் என்று உறுதியாக நம்பினார். சனியின் இறுக்கத்தைத் தளர்த்த சூரியன், வியாழன், சுக்கிரன் இவற்றோடு சேர்ந்த பொருள்களை நாடச் சொன்னார். கற்களும் தங்கமும் வாசனைப் பொருள்களும் இசையும் அதில் அடக்கம். எங்கள் மாமா இதைப் படித்தால் ஒரு வரிக்கும் மறுப்புச் சொல்லமாட்டார்.

இந்த வழியில் உச்சத்துக்குப் போனவர் ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் (1552–1612). பிராக் கோட்டையில் இருந்துகொண்டு ஐரோப்பாவின் மிகப் பெரிய கல் சேகரிப்புகளில் ஒன்றை வைத்திருந்தார். மிலானிலிருந்து மிசெரோனி குடும்பத்துக் கல் சிற்பிகளை வரவழைத்தார். கல்லுக்குச் சக்தி உண்டு என்று நம்பினார். அவருடைய மருத்துவர்களில் ஒருவர் அன்செல்மஸ் டி பூட், ப்ரூஜஸ் நகரத்தவர். அவர் 1609ல் வெளியிட்ட 'ரத்தினங்கள், கற்களின் வரலாறு' என்ற லத்தீன் நூல் கனிமவியலின் தொடக்க கால நூல்களில் முக்கியமானது. கல்லுக்கு மருத்துவ குணம் உண்டு என்பதை அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் கல் தன் சொந்த பலத்தால் இயற்கைக்கு மீறிய காரியம் எதுவும் செய்யாது என்றும் எழுதிவைத்தார். கல் பைத்தியமான பேரரசரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி எழுதியது சின்ன விஷயமில்லை.

ருடால்ஃபுக்கு என்ன ஆனது? கடுமையான மனச்சோர்வு அவரை விடவில்லை. தூதர்கள் பார்க்கக் காத்துக் கிடந்தார்கள், அவர் அறையைவிட்டு வரவில்லை. 1606ல் குடும்பத்தார் கூடித் தம்பி மத்தியாஸைத் தலைவராக ஏற்றார்கள். 1608ல் ஹங்கேரி, ஆஸ்திரியா, மொராவியா போயின. 1611ல் பொஹீமியாவும் போனது. மறு வருஷம் ஜனவரியில் இறந்தார். உலகத்தில் கல்லால் ஒருவருடைய சோகம் தீரும் என்றால் அது அவருக்குத்தான் தீர்ந்திருக்க வேண்டும். அவ்வளவு கல் வேறு யாரிடம் இருந்தது?

அடுத்த பத்தாண்டில், 1621ல், ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பர்ட்டன் என்ற பாதிரியார் 'மெலன்கோலியின் உடற்கூறு' என்ற பிரம்மாண்டமான நூலை வெளியிட்டார். கற்கள் பற்றி அதில் தனியாகவே பேசுகிறார். ஏற்பவர் யார், மறுப்பவர் யார் என்று இரண்டு பக்கமும் அடுக்குகிறார். அவரும் நோயாளிதான். அந்த நோயிலிருந்து தப்பிக்கவே அந்த நோயைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னவர். அத்தனை நூறு பக்கங்களைக் கடந்து கடைசியில் அவர் கைகாட்டுவது நாலு பேரோடு பழகுவதையும் ஏதாவது வேலையில் இருப்பதையும்தான்.

விட்பியின் கறுப்புக் கல்

இதுவரை சொன்னது மருந்தாக வந்த கல். துக்கத்தோடு கல்லுக்கு இன்னொரு உறவும் உண்டு. அதற்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரைக்குப் போக வேண்டும்.

விட்பி ஊர்ப் பாறைகளில் ஜெட் என்ற கறுப்புக் கல் கிடைக்கிறது. சரியாகச் சொன்னால் கல்லே இல்லை. சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரம், கடலடிச் சேற்றில் புதைந்து இறுகியது. எடை ரொம்பக் குறைவு, கையில் எடுத்தால் சில்லென்று இருக்காது. 1861 டிசம்பர் 14 அன்று விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். ராணி 1901ல் தான் சாகும் வரை நாற்பது வருஷம் துக்க உடையை மாற்றவில்லை. அரண்மனையில் துக்கத்தின் முதல் கட்டத்தில் ஜெட் நகை மட்டும் போடலாம் என்றானது. அதைப் பார்த்து ஊரெல்லாம் போட்டது. விட்பியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து ஜெட் செதுக்கினார்கள். வாங்க வசதியில்லாதவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியிலும் வல்கனைட் ரப்பரிலும் போலிகள் வந்தன. கணவனை இழந்த பெண் இரண்டு வருஷத்துக்கு மேல் துக்கம் காக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எது போடலாம் என்பதற்கெல்லாம் விதி இருந்தது.

அந்த விதிகளில் கொடுமையும் உண்டு, மறுக்கவில்லை. பணக்காரர்களின் பகட்டும் உண்டு. ஆனால் ஜெட் போட்டவர்கள் யாரும் அது நோயைத் தீர்க்கும் என்று போடவில்லை. எதிரே வருகிறவருக்கு அது ஒரு செய்தி: இவள் வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, பார்த்துப் பேசு.

நம் பக்கம் இது தலைகீழ். அங்கே துக்கத்துக்குக் கல்லை மாட்டினார்கள், இங்கே கழற்றினார்கள். அம்மாவின் தோட்டைக் கழற்றியதும் நாங்கள்தான், மூன்று மாதம் கழித்து மனசு சரியில்லை என்று முத்து மாட்டிவிட்டதும் நாங்கள்தான். இதை எழுதும்போதுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கண்ணாடித் துண்டும் அதே வேலை செய்யும்

சரி, கல்லுக்குச் சக்தி உண்டா என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா? பார்த்திருக்கிறார்கள். லண்டனில் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃப்ரெஞ்சும் அவர் குழுவினரும் ஒரு சோதனை நடத்தி, 2001ல் பிரிட்டிஷ் உளவியல் சங்க மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். 80 பேர். கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் தியானம் செய்ய வேண்டும். பாதிப்பேரிடம் அசல் குவார்ட்ஸ், பாதிப்பேரிடம் போலி. யாரிடம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. கையில் வெதுவெதுப்பு, ஒரு கூச்சம், மனசில் நிம்மதி என்று பலர் சொன்னார்கள். ஆனால் அசலை வைத்திருந்தவர்களும் போலியை வைத்திருந்தவர்களும் ஒரே அளவில் சொன்னார்கள். என்னென்ன உணரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் அதிகமாக உணர்ந்தார்கள்.

இதை வைத்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த வெதுவெதுப்பு அவர்களுக்கு நிஜமாகவே இருந்திருக்கும். ஐந்து நிமிடம் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலே கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கும். அதைக் கல்லின் கணக்கில் எழுதக் கூடாது, அவ்வளவுதான். அதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடவும் கூடாது.

எனக்குத் தெரியவந்தது

டிபக் முடிவு இதுதான். அலெக்சாண்டர், இப்னு சீனா, ஃபிச்சினோ, பர்ட்டன் எல்லாரும் கல் விஷயத்தில் ஏதோ ஒரு அளவுக்குத் தப்பு. ஆனால் அவர்கள் எல்லாரும் நோயை நோய் என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். கல் அவர்களுக்கு வைத்தியத்தில் ஒரு படி. எங்கள் வீட்டில் கல் எதற்குப் பயன்பட்டது தெரியுமா? அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு. 'சந்திரன் நீசம்' என்றால் ஊரில் சொல்லிக்கொள்ளலாம். 'டிப்ரஷன்' என்றால் சொல்ல முடியாது. முத்து மோதிரத்தை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், மனநல மருத்துவரின் சீட்டைக் கேட்பார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆட்களைவிட நான் பின்தங்கியிருந்தேன், கையில் ஸ்மார்ட்போனோடு.

துக்கம் எல்லாமே நோய் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது மெல்ல மெல்லத் தணியும். தணியாமல் நிற்பதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியல், ஆறு மாதம் தாண்டியும் ஆளை முடக்கிப் போடுகிற துக்கத்துக்குத் தனிப்பெயரே கொடுத்திருக்கிறது. அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் போய்விட்டால், வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் அரசாங்கத்துடையது. காசு கிடையாது, தமிழில் பேசலாம். கல் வாங்கினால் மனசுக்கு ஆறுதல் என்றால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. அதே வாரத்தில் டாக்டரையும் பாருங்கள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கேட்டேன், "அந்த மோதிரம் போட்டப்ப ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"

"கல்லுல என்ன கண்ணு இருக்குது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ மாட்டி உட்டீல்ல, அப்ப கையப் புடிச்சிருந்த. அது நல்லா இருந்துச்சு."

பதினாலு மாதத்தில் நான் கையைப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

முத்து மோதிரம் இப்போது சாமி அலமாரியில் கிடக்கிறது. சிகிச்சை தொடங்கி ஒரு வருஷம் இருக்கும், ஒருநாள் அம்மாவே, "அந்தச் சிவப்புக்கல் தோட்டை எடு" என்று பீரோச் சாவியைக் கொடுத்தார். அத்தை என்ன சொல்வாரோ என்று எனக்குத்தான் யோசனை. அம்மா கண்ணாடி முன்னால் நின்று போட்டுக்கொண்டார். காதுத் துளை கொஞ்சம் தூர்ந்திருந்ததால் முதலில் வலித்தது, பிறகு சரியாகப் போனது. இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறார்.